கடைசிப் படகு ஐந்தரைக்கு

எங்கள் அலுவலகத்துப் பிள்ளைகள் போன மாதம் போனில் கூப்பிட்டு ஒரே புலம்பல். இப்போது யாராவது எதையாவது தேடினால், பக்கத்தின் உச்சியில் இயந்திரமே ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறதாம். கீழே வரிசையில் நிற்கும் இணையத்தளங்களை ஒருவரும் திறந்து பார்ப்பதில்லையாம். "அண்ணை, இனி முதலாம் இடமென்ன, பத்தாம் இடமென்ன, எல்லாம் ஒண்டுதான். நீங்கள் உங்கட அனுபவத்தை ஒருக்கா எழுதித் தாங்கோ. வாசிச்சாவது மனம் ஆறுவம்" என்றார்கள். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. அது என் மனைவிக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனால் ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகக் கரம்பொன்னில் வீட்டோடு இருக்கிற மனுசனிடம் எழுதித் தரச் சொல்லிக் கேட்க நாலு பேர் இருப்பதே பெரிய விஷயம். ஆகவே எழுதுகிறேன்.

என் தொழில் என்னவென்று சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்தவே எனக்குப் பல வருடம் பிடித்தது. ஒருவர் கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருந்துகொண்டு "யாழ்ப்பாணத்தில் கலியாண மண்டபம்" என்று தேடுகிறார் என்று வையுங்கள். ஒரு பட்டியல் வரும். முதல் மூன்றைத் திறப்பார். பொறுமைசாலி என்றால் ஐந்தைத் திறப்பார். எங்களிடம் வந்த மண்டபக்காரரோ பதினெட்டாவது இடத்தில் நிற்பார். அவருக்கு மேலே நிற்கும் பதினேழு பேரும் ஏன் மேலே நிற்கிறார்கள் என்று அவர்களுடைய தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, துருவி, எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. "அப்ப உளவுத்துறை எண்டு சொல்லும்" என்றார் என் மைத்துனர் ஒருவர். கலியாண வீடுகளில் எனக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பதின்மூன்று வருடம் இந்த வேலையைச் செய்தேன். நன்றாகச் செய்தேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் பிள்ளைகளே, நீங்கள் கேட்கிற அனுபவம் என்பது அதில் ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கு, நான் எழுதிய ஒரு வரியை நம்பி ஒரு வயதான அம்மா ஊசி மருந்து இல்லாமல் அனலைதீவில் அகப்பட்டுப் போனார். அவருக்கு ஏதாவது நடந்திருந்தால் இதை மட்டுமல்ல, அதற்குப் பிறகு எதையுமே நான் எழுதியிருக்க மாட்டேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது நாற்பத்தேழு வயதில். அதற்கு முன் ஊர்காவற்றுறையில் ஒரு கொமினிக்கேசன் கடை வைத்திருந்தேன். வெளிநாட்டுக்குக் கதைக்க ஆட்கள் வரிசையில் நின்ற காலம் அது. பிறகு ஆளுக்கொரு கைத்தொலைபேசி வந்தது. கடையில் நானும் சுவர்க் கடிகாரமும் மிஞ்சினோம். யாழ்ப்பாணத்தில் இணையத்தளம் செய்து கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றுக்கு ஆங்கிலமும் தமிழும் எழுதத் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். ஆறு மாதம் பழகினேன். என் மருமக்கள் வயதுப் பிள்ளைகளிடம் ஒரே கேள்வியை நாலு தரம் கேட்டேன் என்பதைத் தவிர அந்த ஆறு மாதத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மனைவி மட்டும் கவலைப்படவில்லை. "ஆரின்ரை வீட்டிலை என்ன நடக்குது எண்டு பாக்கிறது உங்களுக்குப் பிறவியிலை வந்தது. அதுக்குச் சம்பளமும் தாறாங்கள் எண்டால் போங்கோவன்" என்றாள். அதில் உண்மை இருந்தது. எங்கள் தீவார் பலரையும் போல என் அப்பாவும் தென்பகுதி நகரம் ஒன்றில் கடை வைத்திருந்தவர். ஒவ்வொரு நாள் காலையும் எதிர்க்கடை முதலாளியோடு இருந்துதான் தேத்தண்ணீர் குடிப்பார். சிநேகிதமும் உண்மை, அவருடைய கண் அந்தக் கடையின் தட்டுகளில் இருந்ததும் உண்மை. திரும்பி வந்ததும் எங்கள் கடையில் இரண்டு சாமான் இடம் மாறும்.

அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்தவர் அபிராமி. நான் சேர்ந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நாங்கள் எல்லோரும் அவரை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை "அண்ணை" என்பார். அந்த அண்ணையில் சலுகை எதுவும் கிடையாது. கத்த மாட்டார். அறிக்கையை அச்சடித்துக் கொடுக்கச் சொல்லுவார். கதிரையில் இருக்காமல் ஜன்னலோரம் நின்றபடி வாசிப்பார், கையில் ஒரு பென்சில். "மிகச் சிறந்த", "அருமையான" என்று நான் ஆசையோடு எழுதிய சொல்லெல்லாம் அந்தப் பென்சிலுக்கு இரையாகும். பிறகு ஏதோ ஒரு வரியில் நிறுத்தி, நிமிர்ந்து பார்க்காமலே கேட்பார்: "இதை எங்கை பார்த்தனீங்கள்?"

"பொதுவா அப்பிடித்தானே மிஸ்" என்று சொன்னால் தாள் திரும்பி வரும். "இது இன்னும் அவியேல்லை, அண்ணை." அவ்வளவுதான். திட்டினாலும் பரவாயில்லை, நாமும் மனதுக்குள் திருப்பித் திட்டலாம். அவியவில்லை என்று சொல்கிறவரை என்ன செய்வது?

அவர் எங்களைப் பழக்கிய முறை இது. முதலில், வாடிக்கையாளர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதை மறந்துவிட வேண்டும். அவரைத் தேடி வருகிறவர் என்ன சொல்லைத் தட்டுவார் என்று இருபது முப்பது சொற்றொடர்களை எழுத வேண்டும். மண்டபக்காரர் தன் தளத்தில் "பாரம்பரிய மங்கள அரங்கம்" என்று போட்டிருப்பார். உலகத்தில் ஒருவரும் அப்படித் தேட மாட்டார்கள். பிறகு, பழைய தேடல் எதையும் நினைவில் வைத்திராத புதுப் பக்கத்தைத் திறந்து அவற்றை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். ஏனென்றால் கணினிக்கு முகத்தாட்சண்யம் அதிகம். நாங்கள் அடிக்கடி திறக்கிற தளத்தை எங்களுக்கே மேலே கொண்டுவந்து காட்டிச் சந்தோசப்படுத்தும். ஒருமுறை, எங்கள் வாடிக்கையாளர் முதலாம் இடத்துக்கு வந்துவிட்டார் என்று துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன். மிஸ் தன் போனில் தேடிக் காட்டினார். பதினோராம் இடம்.

மேலே வருகிற தளங்களுக்கு ஓர் அட்டவணை போட வேண்டும். தலைப்பு என்ன, உபதலைப்புகள் எத்தனை, படங்கள் அவர்களே எடுத்தவையா வேறெங்காவது சுட்டவையா, சாதாரணப் போனில் பக்கம் திறக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது, வேறு யாருடைய தளங்களிலிருந்து இவர்களுக்கு இணைப்பு இருக்கிறது, கடைசியாக எப்போது திருத்தினார்கள். இவ்வளவும் எழுதிய பிறகு இரண்டு நிரல்கள்தான் முக்கியம். எல்லோரிடமும் இருந்து எங்களிடம் இல்லாதது ஒன்று. ஒருவரிடமும் இல்லாதது மற்றது. முதலாவதை நிரப்பினால் கூட்டத்தோடு நிற்கலாம், இரண்டாவதை நிரப்பினால்தான் முன்னுக்கு வரலாம் என்பார் மிஸ். அட்டவணையின் ஓரத்தில் ஒடுங்கலாக இன்னுமொரு நிரல் இருக்கும்: பார்த்த இடம். அதை நிரப்புவது எனக்குப் பெரிய அலுப்பு.

ஆறாவது வருடத்தில் மங்கை எங்களிடம் வந்தார். அனலைதீவில் தோட்டக்காரக் குடும்பம், வெங்காயமும் புகையிலையும். கணவருக்கு முதுகு ஏலாமல் போய்த் தோட்டத்தில் குனிய முடியாது. வெளிநாட்டிலிருந்து ஊர் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கென்று வீட்டோடு இரண்டு அறை கட்டியிருந்தார். அந்த இரண்டு அறையும் நிரம்பினால்தான் வீடு ஓடும். "நல்லாச் சமைப்பன், துப்பரவா வச்சிருக்கிறன் அண்ணை. ஆனால் இப்பிடி ஒரு இடம் இருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை" என்றார். தேடிப் பார்த்தேன். அவர் எங்குமே இல்லை.

மேலே நின்றவை ஏழு தளங்கள். பயணம் ஒழுங்கு செய்பவர்கள், விடுதிக்காரர், ஊர் சுற்றி எழுதுபவர்கள். அதில் பாதிப் பேர் அனலைதீவில் கால் வைத்தவர்களாகவே தெரியவில்லை. ஒரு தளத்தில் அனலைதீவு என்று போட்டிருந்த படம் நெடுந்தீவு. ஆனால் ஏழிலும் ஒரு விஷயம் பொதுவாக இருந்தது. ஊர்காவற்றுறையிலிருந்து படகு எத்தனை மணிக்கு, அங்கிருந்து திரும்ப கடைசிப் படகு எத்தனை மணிக்கு. ஆட்கள் அதிகம் தேடியதும் அதைத்தான். படகு நேரத்துக்கு ஒரு நல்ல பக்கம் செய்தால், அதைப் பார்க்க வருகிறவர் மங்கையின் அறைகளையும் பார்ப்பார். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

செய்தேன். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் வாசிப்பதற்காக ஆங்கிலத்தில் செய்தேன். ஏழு தளங்களிலும் இருந்ததெல்லாம் அதில் இருந்தது. ஒருவரும் சொல்லாதவையும் இருந்தன: வாகனத்தை எங்கே விடலாம், படகில் என்ன கொண்டு போகலாம், தீவில் வாடகைக்குச் சைக்கிள் கிடைக்குமா. கடைசிப் படகு மாலை ஐந்தரை மணிக்கு என்று உச்சியில் பெரிய எழுத்தில் போட்டேன்.

மிஸ் ஜன்னலோரம் நின்று வாசித்தார். "ஐந்தரை. எங்கை பார்த்தனீங்கள்?"

"ஏழு தளத்திலையும் இருக்கு, மிஸ்."

"ஏழிலையும் ஐந்தரையோ?"

"ஏழிலையும் ஐந்தரை. ஒண்டு எண்டாலும் மாறி இருந்தால் யோசிக்கலாம்."

அவர் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். அதற்குள் யாரோ அவரைப் போனில் கூப்பிட்டார்கள். தாள் என் மேசைக்கு வந்தது. கேள்விக்குறியை நான் பார்த்தேன். ஏழு பேர் ஒன்றாகச் சொன்னதற்கு மேலே என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தை வெளியிட்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் வீட்டிலிருந்து ஊர்காவற்றுறைத் துறையடிக்குச் சைக்கிளில் போகலாம். வேறு அலுவலுக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறேன். ஒரு நாள் இறங்கிக் கேட்டிருக்கலாம். அதுகூட வேண்டாம், அனலைதீவிலேயே பிறந்து வளர்ந்த மங்கையிடம் கேட்டிருக்கலாம். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நானும் வாசித்துக் காட்டவில்லை. ஊர்க்காரன் நான், என் ஊர்ப் படகு நேரத்தைக் கொழும்பிலும் லண்டனிலும் இருந்து எழுதியவர்களிடம் கேட்டேன். அவர்கள் சொன்னதை எங்கள் ஊராருக்கே திருப்பிச் சொன்னேன்.

ஐந்து வாரத்தில் அந்தப் பக்கம் முதலாம் இடத்துக்கு வந்தது. மங்கையின் அறைகள் நிரம்பத் தொடங்கின. அலுவலகத்தில் கேக் வெட்டினோம். நான் அந்த முதலாம் இடத்தைப் படம் எடுத்து மைத்துனருக்கு அனுப்பினேன்.

சோளகக் காற்று பலமாக வீசுகிற மாதம். ஒரு புதன்கிழமை பின்னேரம் மூன்றேமுக்கால் இருக்கும், நான் அலுவலகத்தில் இருந்தேன். மங்கை போனில் கூப்பிட்டார். குரல் பதறியது.

"அண்ணை, கனடாவிலை இருந்து ஒரு தாயும் மகளும் இஞ்சை வந்து நிக்கினம். காலமை வந்தவை. கோயிலுக்குப் போட்டு, தங்கட பழைய வளவையும் பார்த்திட்டு இப்பதான் துறையடிக்கு வந்திருக்கினம். படகு மூண்டு மணிக்கே போட்டுது."

"அடுத்தது ஐந்தரைக்கு இருக்குத்தானே?"

"ஐந்தரையோ? ஐந்தரைக்கு ஓடுறது திருவிழா நாளிலை மட்டும்தானே அண்ணை. இந்தப் பிள்ளையும் போனைக் காட்டிக் காட்டி ஐந்தரை ஐந்தரை எண்டுது. உங்கட பக்கத்திலை பார்த்ததாம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

எனக்கு விளங்கிவிட்டது. யாரோ ஒருவர் எப்போதோ திருவிழாவுக்கு வந்துவிட்டுப் போய்த் திருவிழா நேரத்தை எழுதியிருக்கிறார். அவரைப் பார்த்து இரண்டாமவர் எழுதினார், இரண்டாமவரைப் பார்த்து மூன்றாமவர். ஏழு சாட்சி என்று நான் நினைத்தது ஒரே ஒரு சாட்சி. எட்டாவதாக நான் வந்து அதைப் பெரிய எழுத்தில் போட்டேன்.

"ஒரு இரவு உங்கட வீட்டிலை தங்கட்டும் மங்கை. நான் அவையோடை கதைக்கிறன்" என்றேன்.

"தங்கிறது பிரச்சினை இல்லை அண்ணை. அந்த அம்மாவுக்குச் சீனி வருத்தம். பின்னேர ஊசி, ரவுணிலை அவை நிக்கிற ஹோட்டல் பிரிட்ஜுக்குள்ளை இருக்காம். வெயிலுக்குப் பழுதாப் போம் எண்டு கொண்டு வரேல்லையாம். ஏழு மணிக்குப் போடோணும். மகள் தெரிஞ்ச டொக்டர் ஒராளோடை கதைச்சவ. ஒரு நேரமும் தவற விடக்கூடாது எண்டு சொல்லிப்போட்டாராம். அம்மா தலை சுத்துது எண்டு இப்பவே படுத்திட்டா."

கனடாவிலிருந்து கொண்டு வந்த, பேனை மாதிரியான ஊசி அது. அந்த வகை தீவில் கிடைக்க வழியில்லை என்று மங்கை விசாரித்தும் விட்டார். நான் கதிரையை விட்டு எழும்பினேன், பிறகு ஏன் எழும்பினேன் என்று தெரியாமல் நின்றேன். மிஸ் தன் மேசையிலிருந்து பார்த்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு மேசை லாச்சியை இழுத்து ஸ்கூட்டித் திறப்பை எடுத்தார்.

"எந்த ஹோட்டல் எண்டு கேளுங்கோ. மகளை அங்கை போன் எடுத்து, மருந்தை எங்களிட்டைக் குடுக்கச் சொல்லச் சொல்லுங்கோ. வாங்கோ அண்ணை, ஏறுங்கோ."

ஹோட்டலில் சிறிய வெள்ளை ரெஜிபோம் நுரைப்பெட்டி ஒன்றில் ஐஸ் போட்டு மருந்தை வைத்துத் தந்தார்கள். நான் பின்னால் இருந்து அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பண்ணைப் பாலத்தில் காற்று எங்களை ஸ்கூட்டியோடு கடலுக்குள் தள்ளப் பார்த்தது. கடல் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக் கிடந்தது. இந்தக் காற்றுக்கு எந்தப் படகு போகும்? வேலணை தாண்டியதும் மிஸ் முன்னுக்குப் பார்த்தபடியே சொன்னார்.

"கேள்விக்குறி போட்டது நான். திருப்பிக் கேக்காமல் விட்டதும் நான்தான் அண்ணை."

"இல்லை மிஸ், கேள்விக்குறியைப் பார்த்துப்போட்டும் நான்தான்..."

"பெட்டியைக் கவனமாப் பிடியுங்கோ."

துறையடிக்கு வந்து சேரும்போது ஐந்து மணி. இறங்கியதும் கண்ணில் பட்டது ஒரு தகரப் பலகை. புதுப் பலகை என்றாவது மனதைத் தேற்றலாம். மூலையெல்லாம் துருப்பிடித்த பழைய பலகை. அனலைதீவிலிருந்து கடைசிப் படகு மூன்று மணி என்று நீல எழுத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே சின்னதாக, திருவிழா நாட்களில் மட்டும் ஐந்தரை.

வள்ளம் ஒன்றின் பக்கத்தில் யேசுதாசன் என்ற கடற்தொழிலாளி வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கேட்டோம். தலையை ஆட்டினார்.

"ஏலாது. காற்று கொஞ்சம் அடங்கட்டும்."

"ஏழு மணிக்கு முதல் போகோணும் அண்ணை. மருந்து" என்றேன்.

"ஆர் அவை, உம்மட சொந்தமோ?"

"இல்லை."

"பிறகேன் நீர் இந்தப் பதறு பதறுறீர்?"

"நான் எழுதின நேரத்தை நம்பித்தான் அவை போனவை. கடைசிப் படகு ஐந்தரைக்கு எண்டு எழுதிப்போட்டன்."

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நேரம் உதிலை கிடக்கே."

"ஓம்."

"நீர் எந்த ஊர்?"

"கரம்பொன்."

"கரம்பொன்னோ!" என்று அவர் சிரித்தார். "நான் கொழும்பு ஆளெண்டெல்லோ நினைச்சன்." அந்தச் சிரிப்புக்குப் பதிலாகக் கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால் எனக்கு வலி குறைந்திருக்கும். அவர் சிரித்து முடித்துவிட்டு வானத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பிறகு கரையில் நின்ற தன் தம்பியைக் கூப்பிட்டார். "நீரும் ஏறும். நான் போய் ஆரெண்டு தேடிக் குடுக்கிறது?"

மிஸ் கரையில் நின்றார். எங்கள் வள்ளம் மறையும்வரை அங்கேயே நின்றதாகப் பிறகு அறிந்தேன். அந்தக் கடற்பயணத்தை நான் விபரிக்கப் போவதில்லை. பெட்டியைச் சேட்டுக்குள் வைத்து மேலே குனிந்து படுத்துக்கொண்டேன். இரண்டு தரம் சத்தி எடுத்தேன். தெரிந்த கடவுள்களிடமெல்லாம் ஒரே விஷயத்தைக் கேட்டேன். யேசுதாசனின் தம்பி தன் கடவுளிடம் சத்தமாகக் கேட்டார்.

ஆறேகால் மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வெயில் இன்னும் போகவில்லை. மங்கை கரைக்கே வந்து நின்றார். வீட்டு வாசலில் அந்த மகள் என் கையிலிருந்து பெட்டியைப் பறித்துக்கொண்டு உள்ளே போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காதது நல்லது. நான் முற்றத்தில் நனைந்த உடுப்போடு நின்றேன். அரைமணித்தியாலம் இருக்கும். மங்கை வெளியே வந்தார்.

"ஊசி போட்டாச்சு அண்ணை. புட்டுச் சாப்பிட்டவ. இப்ப கதைச்சுக்கொண்டு இருக்கிறா."

மணலிலேயே இருந்துவிட்டேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். வாழ்க்கையில் எத்தனையோ நல்ல செய்தி கேட்டிருக்கிறேன். ஒருவர் புட்டுச் சாப்பிட்டார் என்ற செய்தி அளவுக்கு எதுவும் என்னை நிறைக்கவில்லை.

பிறகு அந்த அம்மாவே என்னை உள்ளே கூப்பிட்டார். கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்திருந்தார். "நீரோ அந்த ஐந்தரை?"

"ஓம் அம்மா."

"இந்தப் பக்கத்து ஆள்தானே நீர்? ஒரு சொல்லு ஆரிட்டையாவது கேட்டிருக்கப்படாதே?"

"கேட்டிருக்கோணும் அம்மா. பிழை என்னிலைதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உடம்பெல்லாம் உப்பு. பிள்ளை மங்கை, உவருக்கு ஒரு துவாய் குடும்" என்றார்.

தாய் அவ்வளவோடு விட்டார். மகள் விடவில்லை. ஒரு கிழமை கழித்து மங்கையின் இடத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, பிழையான படகு நேரத்தால் தன் தாயின் உயிருக்கே ஆபத்து வந்தது என்று எழுதினார். மங்கையின் சமையலையும் அறையையும் தேடி வருகிற எவருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான். எங்கள் தொழிலில் இதற்கு வைத்தியம் உண்டு. தெரிந்த பத்துப் பேரைப் பிடித்து நல்லதாக எழுத வைத்து அதைக் கீழே தள்ளிவிடலாம். நான் அதற்குப் பெயர்ப் பட்டியல்கூடப் போட்டுவிட்டேன். மிஸ் பட்டியலை மடித்து என்னிடமே தந்தார்.

"அவ எழுதினது உண்மை அண்ணை. அதுக்குக் கீழை பதில் எழுதுங்கோ, ஆரின்ரை பிழை எண்டு."

மூன்று வரிதான். இந்த நேரத்தை எழுதியவர் வீட்டுக்காரர் அல்ல, தளத்தைச் செய்த நான், ஊரில் ஒருவரையும் கேட்காமல் எழுதினேன், இப்போது திருத்திவிட்டேன். அதை எழுத எனக்கு முழு நாள் பிடித்தது. கையோடு வேலையை விடுகிறேன் என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். அதையும் மிஸ் ஜன்னலோரம் நின்று வாசித்தார். ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் வெட்டினார். கடைசியில் என் கையொப்பம் மட்டும் மிஞ்சியது. "போய் மங்கை அக்காவின்ரை பக்கத்தைத் திருத்துங்கோ" என்றார்.

அடுத்த ஞாயிறு நான் அனலைதீவுக்குப் போனேன், இம்முறை ஒழுங்கான படகில். மங்கையின் குசினியில் இருந்து முழுப் பக்கத்தையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். மூன்று மணி என்று வாசித்ததும் அவர் மறித்தார்.

"மூண்டு எண்டும் அடிச்சுச் சொல்ல ஏலாது அண்ணை. சோளகத்துக்குச் சில நாள் பின்னேரப் படகே விடமாட்டினம். வெளிக்கிட முதல் எனக்கு ஒரு போன் எடுக்கச் சொல்லிப் போடுங்கோ. என்னட்டைத் தங்காட்டிலும் பரவாயில்லை. நான் படகுக்காரரைக் கேட்டுச் சொல்லுறன்."

ஏழு தளங்களையும் மாதக்கணக்காகத் துருவியும் எனக்குக் கிடைக்காத வரி அது. ஒருவரிடமும் இல்லாதது. அப்படியே போட்டேன்: கடைசிப் படகு வழமையாக மூன்று மணிக்கு, காற்றைப் பொறுத்து மாறும், வெளிக்கிட முன் மங்கைக்குப் போன் எடுத்துக் கேளுங்கள். கீழே அவருடைய இலக்கம்.

பக்கம் ஆறாம் இடத்துக்கு இறங்கியது. அடித்துச் சொல்கிறவனைத்தான் அப்போது தேடுபொறிக்கும் பிடித்தது. நான் மங்கையிடம் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பரவாயில்லை, ஆக்கள் திரும்பி வந்தால் சரி" என்றார்.

பழக்கம் விடுமா? மாதத்துக்கு ஒருமுறை அந்த ஏழு தளங்களையும் திறந்து பார்த்து வந்தேன். நாலாம் மாதம் ஒருவர் ஐந்தரையை மூன்றாக மாற்றினார். பிறகு இன்னும் இருவர். ஒரு வருடத்துக்குள் ஏழு பேரும் மாற்றிவிட்டார்கள், ஒருவரும் எங்களிடம் கேட்கவில்லை, ஒருவரும் எங்கள் பெயரைச் சொல்லவில்லை. அதில் இரண்டு பேர் மகா சோம்பேறிகள். எங்கள் வரியை முழுதாகத் தூக்கி, மங்கையின் பெயரையும் போன் இலக்கத்தையும் சேர்த்தே ஒட்டிவிட்டார்கள். தங்கள் வாடிக்கையாளரை அவர்களே மங்கைக்குப் போன் எடுக்க வைத்தார்கள். "ஆரெண்டே தெரியாத ஆக்களெல்லாம் எடுக்கினம் அண்ணை. நான் எல்லாருக்கும் சொல்லுறன். பாதிப் பேர் பிறகு, தங்க இடம் இருக்கோ எண்டும் கேக்கினம்" என்றார் மங்கை. அன்றைக்கு மிஸ் சிரித்ததைப் பார்த்தேன். பதின்மூன்று வருடத்தில் அப்படி வாய் விட்டுச் சிரித்ததை இரண்டு மூன்று தரம்தான் பார்த்திருப்பேன்.

பிள்ளைகளே, உங்கள் இயந்திரத்திடம் நானும் கேட்டுப் பார்த்தேன். அதுவும் எங்கள் தளங்களைப் படித்துத்தான் பதில் சொல்கிறது. எங்களைப் போலவே, எல்லோரும் சொல்வதைச் சொல்கிறது. உங்களுக்கு அதில் எத்தனையாம் இடம் என்று நான் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தது போன கிழமை நடந்தது மட்டும்தான்.

ஒரு அலுவலாக ஊர்காவற்றுறைக்குப் போனேன். துறையடியில் ஒரு வான் நின்றது. காற்சட்டை, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஐயா, கடைசிப் படகு மூண்டு மணிக்குத்தானே? இதிலை அப்பிடித்தான் சொல்லுது."

எட்டிப் பார்த்தேன். இயந்திரத்தின் பதில்தான். வழமையாக மூன்று மணி, காற்றைப் பொறுத்து மாறும், புறப்பட முன் இந்த இலக்கத்தில் கேட்கவும். மங்கை குசினியில் இருந்து சொன்ன அதே வரி.

"கீழை ஒரு இலக்கம் கிடக்கு. எடுத்துக் கேளும் தம்பி."

"அதுதான் நேரம் போட்டிருக்கே ஐயா."

"எடும்."

கிழவனோடு வாதாட விருப்பமில்லாமல் எடுத்தார். மங்கையின் குரல் எனக்கும் கேட்டது. "இண்டைக்கு வராதேங்கோ. காற்றுக் கூட. காலமைப் படகு வரும், பின்னேரம் விடமாட்டினம். வந்தால் திரும்ப ஏலாது. நாளைக்குக் காலமை எடுங்கோ, சொல்லுறன்."

அவர் போனை வைத்துவிட்டு, படகை நான்தான் பிடித்து நிறுத்தியது போல என்னை முறைத்தார். ஒரு நாள் வீண், வான் பிடித்தது வீண், இந்த ஊரில் எதுவும் ஒழுங்காக நடக்காது என்று பேசிக்கொண்டே போய்க் கதவை அடித்துச் சாத்தினார். வான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பியது. முன் இருக்கையில் ஒரு வயதான அம்மா இருந்தார். அவர் என்ன மருந்து எடுக்கிறாரோ, எடுக்கிறாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. இரவைக்கு அது அவருக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கும்.